கூட வந்தவர்

எங்கள் சொந்தத்தில் மனைவியின் வேலைக்காக ஊர் மாறிய ஆண் எனக்கு முன்னால் யாருமில்லை. பெண்ணுக்குப் பொள்ளாச்சிக்கு டீச்சர் வேலை மாற்றல் வந்தால் அவள் தினமும் பஸ்ஸில் போய்வருவாள். அவள் புருஷன் இருந்த இடத்திலேயே இருப்பான். அதுதான் வழக்கம். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கும் என் மனைவியைக் கொழும்பு அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். நானும் கூடப் போவது என்று முடிவானதும், ஊரில் அதை எப்படிச் சொல்வது என்றுதான் இரண்டு பேரும் முதலில் யோசித்தோம். "அவருக்கும் அங்க ஒரு வாய்ப்பு இருக்குதுங்கண்ணா" என்று அவள் தன் அண்ணனிடம் சொன்னாள். என் பெரியப்பா மகனிடம் நான் இன்னும் கொஞ்சம் ஜோடித்தே சொன்னேன்.

வாய்ப்பு என்று எதுவும் இல்லை. வேலைக்கான விசா அவளுக்கு. அவளைச் சார்ந்து இருப்பவர் என்ற விசா எனக்கு. அதை வைத்துக்கொண்டு இலங்கையில் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. கோவையில் நான் வேலை பார்த்த பஞ்சு மில்லை ஏற்கெனவே மூடிவிட்டார்கள். ஸ்பின்னிங்கில் சூப்பர்வைசராக இருந்தவன் நான். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வாழ்ந்த உடம்பு. மகன் கல்லூரி விடுதியில் இருந்தான். வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப என் மீசையைத் தவிர வேறு தடை இல்லை.

கம்பெனி எடுத்துக் கொடுத்த வீடு ஹெவ்லொக் டவுனில், ஹெவ்லொக் வீதியை ஒட்டி எழுந்து நிற்கும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தது. கொழும்பு 5 முடிந்து கொழும்பு 6 தொடங்கும் ஓரம் அது. சர் ஆர்தர் ஹெவ்லொக் 1890 முதல் 1895 வரை இலங்கையின் ஆளுநர். நெல் மீதான வரியை நீக்கியவர். இங்கே காலம் முடிந்ததும் 1896-இல் சென்னை ராஜதானிக்கு ஆளுநராக வந்து 1900 வரை இருந்தார். கொழும்பிலிருந்து நம் பக்கம் மாற்றலாகி வந்தவருடைய பெயருள்ள வீதியில், நம் பக்கத்திலிருந்து கொழும்புக்கு மாற்றலாகிப் போனவளின் புருஷனாக நான் குடியேறினேன்.

அங்கே முதலில் நான் போட்ட வேஷத்தைச் சொல்லிவிடுகிறேன். அவளுக்குக் காலை ஏழரைக்குக் கார் வந்துவிடும். கட்டுநாயக்க, பியகம என்று ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கிற திசையெல்லாம் அவள் போவாள். எட்டு மணிக்கு நான் தேய்த்த முழுக்கைச் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் மாட்டி, தோளில் லேப்டாப் பை தொங்க லிப்டில் இறங்குவேன். பைக்குள் லேப்டாப் கிடையாது. குடை, தண்ணீர் பாட்டில், டிபன் பாக்ஸில் தயிர் சாதம். கீழே காவலாளி எழுந்து நின்று "குட் மோனிங் சேர்" என்பார். நான் அவசரமாகப் போகிற ஆளைப்போல் தலையசைத்துவிட்டு வாசலைத் தாண்டுவேன். மாலை ஐந்தரைக்கு முன்னால் திரும்புவதில்லை. சீக்கிரம் திரும்பினால் அவர் என்ன நினைப்பார் என்ற பயம். அந்தக் கட்டிடத்தில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று அவருக்கு ஒரு கவலையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நான் இருக்கும் மாடியே அவருக்குச் சரியாகத் தெரியாது.

ஆனால் அந்த வீம்பு இல்லாவிட்டால் நான் கொழும்பைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஏ.சி. போட்டுக்கொண்டு டி.வி. முன்னால் படுத்திருப்பேன். ஒன்பதரை மணி நேரத்தை வீட்டுக்கு வெளியே கழித்தாக வேண்டும் என்று எனக்கு நானே விதித்துக்கொண்டதால், கால் போன போக்கில் போக வேண்டியதாயிற்று.

பார்க்க வேண்டிய இடங்கள் என்று புத்தகங்களில் போட்டிருப்பவை சீக்கிரம் தீர்ந்துபோயின. காலிமுகத்திடல், கங்காராமய விகாரை, சுதந்திர சதுக்கம், மியூசியம். இவையெல்லாம் விருந்தாளிக்குக் காட்டுகிற முன்னறை. நான்கு நாள் தங்குபவருக்கு அது போதும். நாள் முழுக்க வேறு வேலையில்லாதவனுக்கு முன்னறையில் எத்தனை நேரம் உட்கார முடியும்?

பிறகுதான் பகல் பதினொரு மணி கொழும்பு எனக்குத் தெரிய ஆரம்பித்தது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் உள்ளே போனபின் வெளியே இருப்பவர்களின் ஊர் அது. மில்லில் முழு நைட் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கிய எனக்கு, கோவையின் பதினொரு மணிகூட அவ்வளவாகத் தெரியாது.

ஹெவ்லொக் வீதியில் 138-ஆம் நம்பர் பஸ் நிமிடத்துக்கு ஒன்றாகப் போகும். மஹரகம, நுகேகொட என்று கண்டக்டர் கூவுவது பாட்டுப் போலவே இருக்கும். வீதிக்குப் பக்கத்திலேயே இசிப்பத்தனாராமய விகாரை. 1915 கலவரத்தின்போது ராணுவச் சட்டத்தைப் போட்டு, ஹென்றி பெத்ரிஸ் என்ற இளம் கப்டனை ஆங்கிலேய அரசு சுட்டுக் கொன்றது. அந்த மகனின் நினைவாகத் தகப்பன் கட்டிய விகாரை இது. ஜூலை 7 அன்று சுட்டபோது அவருக்கு 26 வயது. விகாரைக்கு வரும் கிழவிகள் வெள்ளை உடுத்தி, தாமரை மொட்டின் இதழ்களை ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். என் பையையும் பெல்ட்டையும் பார்த்து ஏதோ ஆபீசர் வந்துவிட்டார் என்று ஒருமுறை இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

அங்கிருந்து தெற்கே நடந்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் திரும்பினால் வெள்ளவத்தை. சில்வா சிங்களத்தின் பெரிய நாவலாசிரியர். 1957-இல் இறந்தார். முன்பு ஹை ஸ்ட்ரீட் என்று இருந்த வீதிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். நாவல் எழுதியவர் பெயரில் இவ்வளவு நெரிசலான வீதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அது போய்ச் சேரும் காலி வீதியில் புடவைக்கடை, நகைக்கடை, பிட்டும் இடியப்பமும் விற்கும் சாப்பாட்டுக்கடை, ஒடியல் மாவும் பனங்கிழங்கும் வறுத்த மிளகாய்த்தூளும் விற்கும் யாழ்ப்பாணத்துச் சாமான் கடை. இன்னும் கொஞ்சம் இறங்கினால் ரயில் தண்டவாளம். அதைத் தாண்டினால் கடல்.

தமிழ் கேட்கிற இடத்துக்கு வந்துவிட்டோம், இனி நம்ம ஊர்தான் என்று முதல் நாள் நினைத்தேன். மாம்பழக் கடையில் நான் வாய் திறந்ததும் கடைக்காரர் சிரித்தார். "இந்தியாவிலையிருந்து வந்தனீங்களோ? இது கறுத்தக்கொழும்பான். உங்கடை ஊரிலை இல்லை. கொண்டுபோய்ச் சாப்பிட்டுப் பாருங்கோ" என்று ஒன்றைச் சும்மாவே தந்தார். விருந்தாளியைத்தான் இப்படி நடத்துவார்கள். நான் விருந்தாளிதான் என்பதை அன்றைக்கே ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் நடந்துபோவது சுலபமாகிவிட்டது.

வெள்ளவத்தை 57-ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இருக்கிறது. 1942-இல் தொடங்கியது. அதன் நூலகம்தான் என் ஆபீஸ் ஆயிற்று. காலையில் வீரகேசரியில் ஆரம்பிப்பேன். 1930-இல் அந்தப் பத்திரிகையைத் தொடங்கியவர் ஆவணிப்பட்டியிலிருந்து போன சுப்பிரமணியம் செட்டியார். அவரும் நம் பக்கத்து ஆள்தான், ஆனால் வேலையோடு போனவர்.

நூலகத்தில் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. அரசாங்கக் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். பல நாள் என்னை மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"தம்பி, நீர் இஞ்சை என்ன செய்யிறீர்?"

"மனைவிக்குக் கொழும்புல வேலைங்கய்யா. அவங்க கூட வந்திருக்கேன்."

"மனிசிக்கு வேலை. உமக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

அதை வாய்விட்டு ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் கொஞ்சமும் அதிசயப்படவில்லை. "அப்ப அந்தப் பைக்குள்ளை என்ன?" என்றார். திறந்து காட்டினேன். தயிர் சாதத்தைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் நூலகர் எட்டிப் பார்த்தார். அன்று மதியம் என் தயிர் சாதமும் அவருடைய புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பாதிப் பாதியாயின. மறுநாளிலிருந்து நான் பை எடுத்துப் போகவில்லை. சாதத்தை ஒரு துணிப்பையில் போட்டு, சட்டையை வெளியே விட்டுக்கொண்டு போனேன். காவலாளி அப்போதும் "குட் மோனிங் சேர்" என்றுதான் சொன்னார்.

அந்தப் பெரியவர் மூலமாகத்தான் வெள்ளவத்தையின் பகல் மனிதர்கள் யார் என்று விளங்கியது. அவர்கள் காத்திருப்பவர்கள். பிள்ளைகள் லண்டனிலும் டொரண்டோவிலும் இருக்க, தொலைபேசி வருகிற நேரத்தை வைத்து நாளைப் பிரித்துக்கொள்ளும் வயதானவர்கள். வடக்கிலிருந்து வந்து லொட்ஜிலும் வாடகை அறையிலும் தங்கி, ஏதாவது ஒரு தூதரகத்தின் பதிலுக்காக மாதக்கணக்கில் இருக்கும் குடும்பங்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் இதே ஒழுங்கைகளில் வீடும் கடையும் எரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்களில் நிறையப் பேர். அதைப்பற்றி நான் கேட்டதில்லை. அவர்களாகச் சொன்னால் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டேன். ஒரு வீட்டைக் கடக்கும்போது "இதிலைதான் நாங்கள் அப்ப இருந்தனாங்கள்" என்று மட்டும் பெரியவர் சொன்னார். நடையை நிறுத்தவில்லை.

அவருடைய மகளுக்குக் கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை கனடா திரும்பியிருந்தார். இவளைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தார். அவள் ஒருநாள் தகப்பனுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் என்னிடம் கேட்டாள்.

"அண்ணை, அவர் வேலைக்குப் போனாப் பிறகு அங்கை நாள் முழுக்க நான் என்ன செய்யிறது? நீங்கள் எப்பிடிச் சமாளிக்கிறீங்கள்?"

முப்பது பேரை மேய்த்த சூப்பர்வைசரிடம் மில் மூடியபின் யாரும் யோசனை கேட்டதில்லை. இப்போது எனக்குத் தெரிந்த புதுத் தொழிலில் முதல் ஆள் வந்து கேட்கிறாள். கெத்தாகவே பதில் சொன்னேன். "போய்ச் சேர்ந்த வாரமே பஸ் நம்பரைப் படிச்சுக்கம்மா. ஊரைப் பார்க்க அவர் லீவு போடற நாளுக்காகக் காத்திருக்காதே. அவர் காட்டினா அவர் பார்த்த ஊரைத்தான் காட்டுவார். தினமும் ஒரே கடைக்குப் போ. மூணாவது தடவை அவங்களே பேச்சுக் கொடுப்பாங்க. கைச்செலவுக்குக் காசு தனியா வச்சுக்க. பஸ்ஸுக்குக்கூட அவர்கிட்டக் கேக்கற மாதிரி இருந்தா வெளியே போகவே மனசு வராது."

கடைசியாகச் சொன்னது என் அனுபவம். மாதத் தொடக்கத்தில் மனைவி மேசை டிராயரில் இலங்கைப் பணம் வைத்துவிடுவாள். ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அதை எடுக்கும்போதெல்லாம் காதில் சூடு ஏறும். பிறகு பழகிவிட்டது. பழகியதற்காக இன்னும் கொஞ்ச நாள் வெட்கப்பட்டேன். அதுவும் போயிற்று.

எனக்கும் ஒரு பிழைப்பு கிடைத்தது. சம்பளமில்லாத பிழைப்பு. இந்தியாவுக்கு வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் போகிறவர்கள் அந்த வட்டாரத்தில் எப்போதும் இருக்கிறார்கள். திருச்சியில் விமானத்தில் இறங்கினால் திருநள்ளாறு எப்படிப் போவது, சிதம்பரத்தில் எந்த நேரம் கூட்டம் குறைவு, கோவையில் கண் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் சுத்தமான விடுதி கிடைக்குமா என்று கேட்டு நூலகத்துக்கே வந்தார்கள். ரயில் பெயர், பஸ் நிலையம், சனிக்கிழமை வேண்டாம், வெள்ளிக்கிழமை போங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு அம்மா எனக்குப் பனங்கட்டி கொண்டுவந்து தந்தார். அந்த வருஷத்தில் நான் சம்பாதித்தது அதுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் காலி வீதியில் மட்டக்குளி பஸ் பிடித்துக் கொட்டாஞ்சேனைப் பக்கம் போவேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அன்றைக்கு எல்லா மதத்துக்காரர்களும் இருப்பார்கள். பொட்டு வைத்தவர்கள், வெள்ளை உடுத்தியவர்கள், பர்தா போட்டவர்கள்கூட. 2019 ஈஸ்டர் அன்று குண்டு வெடித்த கோயில் இது. வாசலில் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். மெழுகுவர்த்தியோடு பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெண்களை அங்கே பார்க்கலாம். அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருபவர். விசா அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ந்தது என்று தெரியவில்லை. பக்கத்திலேயே பொன்னம்பலவாணேசுவரர் கோயில். பொன்னம்பல முதலியார் 19-ஆம் நூற்றாண்டில் கட்டியதை, மகன் சர் பொன்னம்பலம் இராமநாதன் முழுக்கக் கருங்கல்லில் எடுத்துக் கட்டினார். வெளியே துறைமுக லாரிகளின் இரைச்சல். உள்ளே கல் மண்டபத்தில் நம் ஊர்க் கோயிலின் அதே குளிர்ச்சி, அதே எண்ணெய் வாசனை. அங்கே மதியம் வரை உட்கார்ந்துவிட்டு, செட்டியார் தெருவின் நகைக்கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே புறக்கோட்டைக்கு வந்து 138 பிடிப்பேன்.

நான் மில்காரன் என்று பெரியவருக்குத் தெரிந்தது தற்செயலாக. கோவையில் 1888-இல் ஸ்டேன்ஸ் துரை தொடங்கிய மில்லிலிருந்து நான் ஆரம்பித்து, பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் பெருகிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குறுக்கிட்டார்.

"நீர் இப்ப இருக்கிற இடம் என்ன இடமெண்டு தெரியுமோ?"

"ஹெவ்லொக் வீதி."

"அது மில் காணி. வெள்ளவத்தை ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில். சின்ன வயதிலை அந்தப் பக்கம் போனா மெசின் சத்தம் கேக்கும்."

எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. மூடின மில்லிலிருந்து தப்பித்துக் கடல் தாண்டி வந்து, மூடின இன்னொரு மில்லின் தலைமேல் பன்னிரண்டு மாடி உயரத்தில் குடியிருக்கிறேன்.

அதன்பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய மில். கூலிகளில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனவர்கள், முக்கியமாக மலையாளிகள். 1933-இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர் பக்கம் நின்று சங்கத்துக்குத் தலைமை தாங்கியவர் கொல்வின் ஆர். டி சில்வா என்ற இளம் வக்கீல். இரண்டு வருஷம் கழித்து, 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். அதே சமயம் அதுவரை கொழும்புத் தொழிலாளர்களின் பெரிய தலைவராக இருந்த ஏ. ஈ. குணசிங்க வேறு பக்கம் திரும்பி, மலையாளிகள் ஊருக்குத் திரும்பிப் போகட்டும் என்ற பேச்சை வளர்த்தார். ஒரே ரிங் ஃப்ரேமின் இரண்டு பக்கத்தில் நிற்கிறவர்களை இனம் பார்த்துப் பிரித்துவிடலாம் என்பதை அந்தக் காலத்திலேயே கண்டுகொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பிரிக்க முடியாதவர்களைத் தூக்கில் போட்டார்கள். சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று ஒரே நாளில் தூக்கிலேறினார்கள். சின்னப்பையனாக இருந்தபோது மே தினத்தில் அவர்கள் பெயரைக் கோஷமாகக் கேட்டிருக்கிறேன்.

குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கார் நிறுத்தும் இடம், நீச்சல் குளம், குழந்தைகள் விளையாடுமிடம். புளோ ரூம் எங்கே இருந்திருக்கும், பஞ்சு பேல் இறக்கும் கொட்டகை எந்தப் பக்கம், தண்ணீர் கிடைக்கிற பக்கமாகத்தானே பாய்லர் வைத்திருப்பார்கள் என்று நானாகக் கணக்குப் போட்டேன். பஞ்சுத் தூசியின் தடயம் எதுவும் என் கண்ணில் படவில்லை. இரவில் மனைவியிடம் சொன்னபோது அவள் சிரித்துவிட்டு, "நூல் நூத்த எடத்துல இப்பச் சட்டைக்கு வெல பேசறவ குடியிருக்கறேன். இவுங்களுக்கு இப்பத் துணியெல்லாம் பெரும்பாலும் வெளியில இருந்துதானுங்க வருது. தையல் மட்டுந்தான் இங்க" என்றாள். எனக்கு ஊரைக் காட்டியது கால். அவளுக்கு அதைக் காட்டியது விலைப்பட்டியல். இரண்டையும் சேர்த்து வைத்துப் பேச ஆரம்பித்தது அன்றிரவுதான்.

அப்படித் தேடிப் படித்தபோதுதான் என்னைப்போலக் கூட வந்த இன்னொருவர் கிடைத்தார். கொழும்புப் பொது நூலகத்துக்குப் பக்கத்து வீதிக்குக் கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமியின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1877-இல் கொழும்பில் பிறந்தவர். தகப்பன் சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். 1903-இல் அவர் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்கு இயக்குநராக வந்தபோது மனைவி எத்தலும் கூட வந்தார். கணவருக்கு வேலை, பதவி, சம்பளம். அவருக்கு ஒன்றுமில்லை. கணவர் பாறையும் கனிமமும் தேடிப் போன கிராமங்களுக்கு அவரும் போனார். கையில் கேமராவோடு போனார். தச்சரையும் தட்டாரையும் நெசவாளரையும் அவர்கள் வேலை செய்கிறபோதே படமெடுத்தார். பெண்களிடம் உட்கார்ந்து பழைய தையல் வேலையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். 1908-இல் ஆனந்த குமாரசுவாமியின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய புத்தகம் வந்தபோது அதற்கு உயிராக இருந்தவை அந்தப் படங்கள். அவர்கள் பிறகு பிரிந்துவிட்டார்கள். எத்தல் மெய்ரெட் என்ற பெயரில் அந்த அம்மா இங்கிலாந்தின் மிகப் பெரிய கைத்தறி நெசவாளர்களில் ஒருவரானார். 1916-இல் இயற்கைச் சாயங்களைப்பற்றி எழுதிய புத்தகத்தைச் சாயக்காரர்கள் இன்றும் புரட்டுகிறார்கள். 1952-இல் இறந்தார்.

கணவர் அங்கே கண்டுபிடித்த கனிமத்தின் பெயர் தோரியனைட். எத்தனை பேருக்குத் தெரியும்? கூட வந்தவர் கண்டுபிடித்தது தன்னுடைய தொழிலை. அவர் பெயரில் கொழும்பில் ஒரு சந்தாவது இருக்கிறதா என்று தேடினேன். என் கண்ணுக்கு அகப்படவில்லை.

நம் பக்கத்திலும் ஒருவர் உண்டு. தஞ்சாவூரிலிருந்து போய் இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மை. தோட்டங்களுக்குள் கூட்டம் போட விடாத காலத்தில் கணவரோடு போய், லயத்து ஜனங்கள் சேரும் இடத்தில் பாட்டாகவே பாடினார். பேச்சைத் தடுத்த கங்காணிக்குப் பாட்டை எப்படித் தடுப்பது என்று தெரியவில்லை. அந்தப் பாட்டுகள் 1940-இல் புத்தகமாயின. நடேசய்யரைப்பற்றி எழுதுகிறவர்கள் பலர் அந்த அம்மாவுக்கு ஒரு பத்தி ஒதுக்கி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கூட வந்தவர்களின் கட்சியில் நான் சேர்ந்துவிட்டேனே.

இந்த இரண்டு பேரையும்பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "கலியாணம் பண்ணிக் கோயமுத்தூர் வந்த புதுசுல நான் என்ன பண்ணினேன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்றாள்.

உடுமலையிலிருந்து வந்தவள் அவள். என் மில்லுக்காக வந்தவள். அவளும் கூட வந்தவள்தான் என்பது அதுவரை என் மண்டையில் உறைத்ததில்லை. எல்லாப் பெண்களும் அப்படித்தானே வருகிறார்கள், அதற்கு யார் பெயர் வைத்தார்கள்?

சிங்காநல்லூரில் டவுன் பஸ் ஏறி அது போய் நிற்கும் இடம் வரைக்கும் போவாளாம். வடவள்ளி, உக்கடம், துடியலூர். இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவாளாம். கண்டக்டர்கள் பழக்கமாகிவிட்டார்கள். மருதமலைப் படியில் வளையல் விற்கிற அம்மாவிடம் மதியம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்பாள். வேளாண்மைக் கல்லூரிப் பூங்காவில் எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கும் என்று தெரியும். அப்படி ஒருநாள் காந்திபுரத்தில் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு போர்டு தெரிந்திருக்கிறது. ஏற்றுமதித் துணி மெர்ச்சண்டைசிங், ஆறு மாதப் பயிற்சி. இறங்கிப் போய் விசாரித்தாள்.

அந்தப் பயிற்சி, திருப்பூர் வேலை, அதற்கப்புறம் கொழும்பு. எல்லாம் அந்த ஜன்னலிலிருந்துதான். பயிற்சியில் சேர்ந்தது எனக்குத் தெரியும், பணம் கட்டியவன் நான்தான். பஸ் கதை எதுவும் தெரியாது.

"ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க அப்ப முழு நைட் பாத்துட்டு வந்து தூங்கிட்டு இருப்பீங்க. எழுப்பிச் சொல்ற விசயமா அது?"

அவள் கையிலிருந்த வெங்காயத்தை நான் வாங்கி உரித்தேன். பேச ஒன்றும் இல்லை.

அந்த வாரம் எனக்குக் காய்ச்சல். சனிக்கிழமை அவளுக்கு விடுமுறை. கூடவே இருப்பாள் என்று நினைத்தேன். கஞ்சி காய்ச்சி வைத்துவிட்டு, "நான் ஒரு நடை போயிட்டு வரனுங்க" என்று கிளம்பினாள். காரைக் கூப்பிடவில்லை. ஹெவ்லொக் வீதியில் 138 ஏறி மியூசியத்துக்குத் தனியாகப் போயிருக்கிறாள். நான் அந்த மியூசியத்துக்கு மழை பெய்தால் ஒதுங்குகிற இடம் போலப் போய்க்கொண்டிருந்தவன். 1877-இல் திறந்த கட்டிடம், கண்டி அரசனின் சிம்மாசனம், கிரீடம், போலன்னறுவை வெண்கலங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. மாலையில் வந்து உட்கார்ந்தவள் சிம்மாசனத்தைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மேல்மாடியில் துணிகள் வைத்திருக்கும் பகுதியில் ஒரே கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாளாம். பழைய காலத்துச் சட்டைத் துணி, சங்கிலித் தையல். "ஒரு அங்குலத்துக்கு எத்தன தையல் தெரியுங்களா? மெசின்ல போட்டாக்கூட அத்தன சீரா வராது. நூல் முறுக்கே வேற மாதிரி இருக்குது. நீங்க பாத்திருப்பீங்களே?"

நான் பார்த்ததில்லை. வாழ்நாளெல்லாம் நூல் முறுக்கைப் பார்த்தே சம்பளம் வாங்கியவன், அந்தப் பெட்டியை எத்தனையோ தடவை கடந்து வெண்கலத்துக்குப் போயிருக்கிறேன். எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இது என் ஊர், என் பகல், இவள் ஒரே சனிக்கிழமையில் வந்து பறித்துக்கொண்டாள் என்ற மாதிரி.

காய்ச்சல் விட்டதும் முதல் வேலையாகப் போனேன். அவள் சொன்ன பெட்டியைக் கண்டுபிடித்து, மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து தையலை எண்ண ஆரம்பித்தேன். மியூசியக் காவலர் வந்து தோளைத் தொட்டுத் தள்ளி நிற்கச் சொன்னார். சனிக்கிழமை ஒரு அம்மாவும் இதையேதான் செய்தார் என்று ஆங்கிலத்தில் குறைப்பட்டுக்கொண்டார். யாரென்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கையை விட்ட இடத்திலிருந்து, அரை அடி பின்னால் நின்றுகொண்டு, மறுபடி தொடர்ந்தேன்.